பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

என் மனைவியின் வாழ்க்கை எந்த அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அளந்து சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. வாழ்க்கைப் பாதிப்பு அளவீட்டு நிலையம் என்று பெயர். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். குளிரவில்லை என்றால் குளிரவில்லை, அவ்வளவுதான். எந்த அளவுக்குக் குளிரவில்லை என்று உட்கார்ந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். அதனால் இப்படியும் ஒரு வேலை உண்டு, அதற்குச் சம்பளமும் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அவளுக்கு எம்.எஸ். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவதால் நாங்களும் சுருக்கிச் சொல்லப் பழகிவிட்டோம். ஒயரின் மேலுறை அங்கங்கே உரிந்துபோனால் கரண்ட் எந்த லட்சணத்தில் போகும்? நரம்பிலும் அதே கதைதான். உடம்பே தன் நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிறது. ஒரு நாள் கால் மரத்துப்போகும். ஒரு நாள் ஒரு கண்ணில் புகை மூடினாற்போல இருக்கும். ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்தும், வீட்டு வேலை அத்தனையும் ஒற்றை ஆளாகச் செய்தவள் போல எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடப்பாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "ஆளு நல்லாத்தானே இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யாரையும் நான் இதுவரை கைநீட்டி அடித்ததில்லை.

அவள் ஒரு பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். நோய் வந்த புதிதில் விரல் சொன்னபடி கேட்காததால், நீளமான பெயர் வைத்த குழந்தைகளை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நீளமான பெயர்களும் திரும்பி வந்தன. எங்களுக்கு அந்த மருந்து அவ்வளவு பெரிய விஷயம்.

அதைத் தொடர்ந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் டாக்டரிடம் இல்லை, மேற்படி நிலையத்திடம் இருந்தது. அங்கே போனால் கேள்விகள் கேட்டு, கேள்விக்கு ஐந்து வரை மார்க் போட்டுக் கூட்டுவார்கள். நாற்பதுக்குக் கீழே வந்தால், நோய் வாழ்க்கையைப் பாதிக்கவில்லை, அப்புறம் மருந்து எதற்கு? நூறுக்கு மேலே போனால், மருந்து வேலை செய்யவில்லை, அப்புறம் மருந்து எதற்கு? ஆக, நோயாளி என்பவர் இரண்டுக்கும் நடுவில் அடக்க ஒடுக்கமாகக் கஷ்டப்பட வேண்டும்.

நிலையம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் இருந்தது. அதில் 'அளவீட்டுக் கருவிகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நோயாளிகள் லிப்டில் ஏறி வந்தால் களைப்பு சரியாகப் பதிவாவதில்லை என்று காவலாளி விளக்கினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற, நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு ஏறினேன். மேலே ஃபைலோடு நின்றிருந்த அம்மையார் 'தானாகவே படியேறி வந்தார்' என்று எழுதினார். நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னதும், அதை அடித்துவிட்டு, 'குடும்பத்தாருடன் வந்தார்' என்று எழுதினார்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி கிடையாது. முன்பு இருந்ததாம். நோயாளிகள் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு உள்ளே போனதால் அளவு கெட்டுப்போய், எடுத்துவிட்டார்களாம்.

முதலில் நடைச் சோதனை. தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. ஸ்டாப்வாட்சில் பாட்டரி தீர்ந்துவிட்டதால், நடத்துகிறவர் வாயாலேயே எண்ணினார். நடுவில் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, கேஸ் சிலிண்டர் வந்ததா இல்லையா என்று விசாரித்தார். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தார். அந்தக் கணக்கின்படி, அந்த நிலையம் கண்ட நோயாளிகளிலேயே மிக வேகமாக நடந்தவள் என் மனைவி. அடுத்தது, பலகைத் துளைகளில் குச்சிகளைச் செருகும் சோதனை. குச்சிகளில் பாதி காணாமல் போயிருந்தன. பாதி நேரத்திலேயே முடித்துவிட்டாள் என்று அங்கேயும் பாராட்டு.

கடைசியில் கேள்வி அறை. அங்கே இருந்த அளவீட்டு அலுவலர் ஒல்லியானவர், மரியாதையானவர். துணைக்கு வந்தவர் கட்டாயம் அறையில் இருக்க வேண்டும், அப்போதுதான் நோயாளி மிகைப்படுத்த மாட்டார் என்று சொல்லி என்னை அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"கடந்த இரண்டு வாரங்களில், தங்கள் உடல் தங்கள் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததன் காரணமாகத் தாங்கள் எந்த அளவுக்குத் துன்புற்றீர்கள்? ஒன்று, இல்லவே இல்லை. ஐந்து, மிக மிக அதிகம்."

அவள் என்னைப் பார்த்தாள். "பரவாயில்லைங்க" என்றாள்.

"பரவாயில்லைன்னா ரெண்டாம்மா, மூணாம்மா?"

"பரவாயில்லைங்க."

அவர் தாளைப் பார்த்தார். ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள் இருந்தன. பரவாயில்லைக்குக் கட்டம் இல்லை. கால் எரிச்சலைக் கேட்டார், பரவாயில்லை. கண்ணைக் கேட்டார், பரவாயில்லை. களைப்பு, கவலை, கழிவறைக்கு ஓடுவது, எல்லாம் பரவாயில்லை. கேள்விகள் தீர்ந்தன, கட்டங்கள் காலியாகவே இருந்தன. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படியொரு வெள்ளைத் தாளை மேலே அனுப்பியதில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அவருக்காக எனக்கே பாவமாக இருந்தது.

தாள் மேலே போனது. ஒரு மாதம் கழித்து 'பரவாயில்லை தொடர்பான உபகுழு'வின் முன் ஆஜராகும்படி எங்களுக்குக் கடிதம் வந்தது.

உபகுழுவில் இயக்குநர், இரண்டு துணை இயக்குநர்கள், ஒரு மொழி வல்லுநர். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கூட்டத்தை இயக்குநர் ஒரு சிற்றுரையோடு தொடங்கினார். மனிதத் துயரத்தை எண்ணாக மாற்றுவது சாதாரண வேலையில்லை என்றார். அதில் இந்த நிலையம் அடைந்திருக்கும் வெற்றியைப் பார்த்து மற்ற நிலையங்கள் பொறாமைப்படுகின்றன என்றார்.

"நாங்க ஆரம்பிச்சப்போ ஜனங்களோட சராசரிப் பாதிப்பு எழுபது. இன்னைக்கு முப்பத்தஞ்சு. பாதியாக் குறைச்சிருக்கோம். எப்படின்னு கேளுங்க. முன்னாடி அளக்க வராதவங்க கணக்குலயே வரமாட்டாங்க. அது அவங்களுக்குச் செய்யற அநியாயம் இல்லையா? இப்ப வராதவங்களுக்கும் மார்க் உண்டு. பூஜ்யம்."

படியேற முடியாததால் வராதவர்களுக்குமா என்று நான் கேட்டேன்.

"அவங்கதான் சார் எங்களுக்கு நல்ல ரிசல்ட் குடுக்கறாங்க" என்றார் இயக்குநர் உருக்கமாக.

பிறகு மொழி வல்லுநர் எழுந்து, பரவாயில்லை என்பது மிகவும் ஆபத்தான சொல் என்று எச்சரித்தார். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொன்னால் வலிக்கிறது என்று பொருள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் சமைத்தவர் தனியாகப் போய் யோசிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராதவரிடம் சொன்னால் இனிமேல் உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று பொருள். பரீட்சை எழுதியவர் சொன்னால் வீட்டில் மிட்டாய் வாங்கி வைக்கலாம். துணை இயக்குநர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் இரண்டரை போட்டுவிடலாம் என்றார். அரை மார்க்குக்குத் தனிக் குழு போட வேண்டியிருக்கும் என்று மற்றவர் மறுத்தார். ஒரு மணி நேரம் போனது. அவளுக்கு உட்கார நாற்காலி கொடுத்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்லது.

கடைசியில் இயக்குநரின் பார்வை என் மேல் விழுந்தது. "நீங்க அவங்க கணவர். அவங்க பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

வாழ்நாளில் என்னை யாரும் வல்லுநர்களோடு சேர்த்து உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பெருசா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் சார். நிஜமாவே முடியலைன்னா எங்கிட்ட சொல்லிடுவா."

உபகுழுவுக்கு அப்படியொரு நிம்மதி. அத்தனை பரவாயில்லைகளுக்கும் தலா ஒரு மார்க் போட்டு, கூட்டி, நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்து முடித்தார்கள். 'நோய் வாழ்க்கையைப் பாதிக்கவில்லை' என்று முத்திரை குத்தி மருந்தை நிறுத்தினார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மருந்து நின்றதும் முதலில் நீளமான பெயர்கள் போயின. அப்புறம் குட்டிப் பெயர்களும் போயின. ஒரு நாள் அவள் கேக்கில் எழுதியதைப் பார்த்துவிட்டு, குழந்தையின் அம்மா, இது எந்த நாட்டு எழுத்து என்று ஆர்வத்தோடு விசாரித்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். முதலாளி அவளை பில் போடும் இடத்துக்கு மாற்றினார். அங்கே உட்கார்ந்தபடி வேலை, சௌகரியம்தான் என்றாள். கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருஷம் இவள் எப்படி இருப்பாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மேல்முறையீடு செய்தோம். ஒரே ஒரு தடவைதான் செய்யலாம், அதிலும் போனால் மருந்தை மறந்துவிட வேண்டியதுதான். இந்தத் தடவை அவளை நான் தூக்கிக்கொண்டுதான் படியேறினேன். ஃபைல் அம்மையார் அவளை நன்றாக உற்றுப் பார்த்து, 'படியேறிய பின்னும் களைப்பு இல்லை' என்று எழுதினார்.

அதே ஒல்லி அலுவலர். முதல் கேள்வியைப் படித்தார். அவள் என்னைப் பார்த்தாள். "பரவாயில்லைங்க." இரண்டாவது கேள்வி. என்னைப் பார்த்தாள். "பரவாயில்லைங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. கேள்வி கேக்கறது நான். நீங்க முதல்ல அவர் மூஞ்சியைப் பார்க்கறீங்க, அப்புறம்தான் பரவாயில்லை வருது. போன தடவையும் கவனிச்சேன். அவர் இருக்கறவரைக்கும் இந்தக் கட்டம் ரொம்பாது."

நான் எழுந்தேன். போகக் கூடாது, துணையாளர் உடனிருப்பது விதி என்றார். விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். உடனிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. காதால் கேட்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்தக் கட்டடத்தில் ஒருவர் யோசிப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து அறையில் செவித்திறன் சோதனைக்கு வைத்திருந்த பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினார். உள்ளே சாகப்போகிற கம்ப்ரசர் மாதிரி கீ என்று ஒரு சத்தம். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் வாய் அசைவதைப் பார்த்தேன். இப்போது என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்துப் பேசினாள், நீளமாகப் பேசினாள். ஒரு கேள்விக்குப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அலுவலரின் பேனா இடது பக்கத்துக் கட்டங்களுக்குப் போகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வலது பக்கமே போயிற்று. அடுத்ததற்கும் வலது பக்கம். ஒரே ஒரு தடவை நடுவுக்கு வந்துவிட்டு மறுபடியும் கடைசிக் கட்டத்துக்கே போயிற்று. இத்தனையும் வைத்துக்கொண்டா என்னோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினாள்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெட்போன் போட்டுக்கொண்டு அழுதால் சத்தம் எவ்வளவு வருகிறது என்று தெரியாது, அதனால் அடக்கிக்கொண்டேன்.

அலுவலர் என் ஹெட்போனைக் கழற்றியபோது அவர் முகம் சரியாக இல்லை. கூட்டிப் பார்த்திருக்கிறார். நூற்றொன்று வந்திருக்கிறது. காய்ச்சலாக இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்திருக்கலாம்.

"ஒரு மார்க் கூடிப்போச்சு. இதை அப்படியே அனுப்பினா, மருந்து வேலை செய்யலைன்னு சொல்லி நிறுத்திடுவாங்க."

மருந்தைத்தான் நிறுத்தியாயிற்றே, நிறுத்திய மருந்து எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். அதற்குத் தாளில் இடமில்லை என்றார். அவராகத் திருத்தவும் முடியாது. நோயாளி தன் மனசு மாறிச் சொன்னால், அதுவும் அவர் கண்ணெதிரே நிஜமாகவே மாறினால், ஒரே ஒரு கேள்வியில் திருத்திக் கையெழுத்துப் போடலாம். மூன்று மணிக்குத் தாள் மேலே போய்விடும் என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

பேரம் ஆரம்பமானது. அலுவலர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, நான் கேட்கக் கூடாது என்று ஹெட்போன் மாட்டினார்களே, அத்தனையும் என் காதில் விழுந்தது.

"கால் எரிச்சல், அஞ்சு. நாலாக்கிக்கலாமாம்மா?"

"எரியுதே சார். எப்படிக் குறைக்கறது?"

"கண்ணு?"

"நேத்துகூட நம்பர் தெரியாம வேற பஸ்ல ஏறி எங்கியோ போய் இறங்கினேன்." எங்கே போனாய் என்று நேற்று கேட்டதற்கு, கூட வேலை பார்க்கிறவள் வீட்டுக்கு என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

"குளியலறையில விழுந்துடுவோம்னு பயம்?"

"ரெண்டு தடவை விழுந்திருக்கேன் சார்."

"ஒரே ஒரு மார்க்மா" என்று அலுவலர் கெஞ்சினார். உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன், இப்போது பொய் சொல்லச் சொல்கிறீர்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"தாங்கள் குடும்பத்தாருக்குப் பாரமாக இருப்பதாக எந்த அளவுக்கு உணர்கிறீர்கள்? அஞ்சு."

"அதைக் குறைங்க" என்றேன் நான். "நாலு என்ன, ஒண்ணே போடுங்க. இது பொய்யே இல்லை."

"அதுல கைவைக்காதீங்க" என்றாள். "வேணும்னா கண்ணுல குறைச்சுக்கோங்க சார்."

"பாரம்னு உங்கிட்ட நான் என்னைக்கும்மா சொன்னேன்? ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லலை. அதான் அஞ்சு." அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்கூடச் சண்டை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? முன்னாடி குழாயைச் சரியா மூடலைன்னாலே வீடு ரெண்டாகும். இப்ப பாலைப் பொங்கவிட்டாலும் பரவாயில்லம்மா, சாவியைத் தொலைச்சாலும் பரவாயில்லம்மா. வாம்மா, உக்காரும்மா, சாப்பிடும்மா. ஆஸ்பத்திரி நர்ஸ்கூட என்னை இப்படிக் கூப்பிடறதில்லை. விருந்தாளிக்குத்தான் பரவாயில்லை சொல்லுவாங்க. நான் என்ன, நாலு நாள் தங்கிட்டுப் போக வந்திருக்கேனா?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஓர் ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை காலம் பொறுமையாக இருந்ததற்குக் கிடைக்கிற மரியாதை இதுவா?

"நல்லா இருக்குடி. சண்டை போடலைன்னு ஒரு குத்தமா? போடறதுக்கு எனக்கு விஷயமில்லைன்னா நினைச்சே? பரண்ல வச்சிருந்த ஃப்ரிட்ஜ் மோட்டாரை என்னைக் கேக்காம பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டியே, நான் வாயைத் திறந்தேனா?"

"திறந்திருக்கணும்."

"அது ஓடற மோட்டார்டி! உனக்கு என்ன தெரியும் மோட்டாரைப் பத்தி? கைக்குக் கெடைச்சதெல்லாம் எடுத்துப் போட்டுடறதா? என்னைக்காவது என் சாமானை மதிச்சிருக்கியா நீ? அவன் வண்டியை வச்சுட்டு நின்னப்பவே உன்னைக் கேக்கணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு..."

நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்பது, ஃபைல் அம்மையார் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தபோதுதான் தெரிந்தது. சட்டென்று நிறுத்தினேன். அலுவலர் பேனாவைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அதுல நாலு போடுங்க" என்றாள் அவரிடம். பிறகு நாற்காலியில் வாகாகச் சாய்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் நிறுத்திட்டீங்க? மோட்டார்ல விட்டீங்க. மேல சொல்லுங்க."